முதல் பந்தியில் வைத்த கிண்ணம்

கீழப்பாவூர் சங்கரபாண்டி தம் மகளின் மறுவீட்டு விருந்தைக் கல்யாணத்தன்றே தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில் வைத்தார். அன்றைய முதல் பந்தியில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள்: பெண்ணைப் பெற்றவரும் ராணுவத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவருமான சங்கரபாண்டி, அவர் மனைவி முத்துவடிவு, போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சுரண்டைக்காரர், மாப்பிள்ளையின் பெரியப்பா அருமைநாயகம், அவருக்கு அடுத்த இலையில் அவருடைய பால்ய நண்பர், சுரண்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் எபனேசர், சமையல் ஒப்பந்தம் எடுத்திருந்த தென்காசி அய்யாக்குட்டி, அவரிடம் பரிமாறுகிற ஆட்களுக்கெல்லாம் மேலாளான சுடலைமுத்து, வாடகைப் பாத்திரம் கொண்டுவந்த கடையநல்லூர் மசூது, அய்யாக்குட்டியின் தம்பி மகள் உலகம்மை. மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் சாட்சிக்கு ஆக மாட்டார்கள். வேறு யாராவது தாமும் அங்கே நின்று எல்லாவற்றையும் கண்டதாகச் சொன்னால், அவர்கள் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டவர்கள்.

அய்யாக்குட்டி வீட்டுச் சமையலைப் பற்றித் தென்காசிச் சுற்றுவட்டாரத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அப்பா காலம் தொட்டு அவர்கள் பந்தியில் ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு பாதி இலையில் எழுந்தது கிடையாது. இலை என்றால் வாழை இலை. தட்டு வராது, கரண்டி வராது. ‘பஃபே’ என்று வாயெடுத்தவர்களிடம், “நின்னுக்கிட்டுத் திங்கதுக்கு வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அய்யாக்குட்டி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். பந்தியின் தலைப்பக்கத்தில் அவர் நின்றால் தூணுக்கும் அவருக்கும் வித்தியாசம் வேட்டி ஒன்றுதான்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் உலகம்மை பிறந்திருந்தாள்.

முன்பு அவளுக்குச் சென்னையில் வேலை. கண்ணாடிக் கட்டடம், நடுவில் சுவரே இல்லாத கூடம், வரிசை வரிசையாக ஆட்கள். பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தால் இவளுக்குப் பல் கூசும். மேலாளர் அடுத்த மேசைக்காரனைக் கடிந்துகொண்டால் இவளுக்கு வயிறு சுருண்டுகொள்ளும். மீட்டிங்கில் பேசச் சொன்னால் கை நடுங்கும். யாரும் பார்க்காதபடி துப்பட்டாவில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அங்கே இதற்கு ‘ஓவர் சென்சிட்டிவ்’ என்று பெயர் வைத்தார்கள். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது பெயர் மட்டும் மாறியது. இங்கே அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர்.

“நம்ம வீட்டுப் பிள்ள அடுத்தவன் கம்பெனியில கண்ணக் கசக்குனது போதும்” என்று அய்யாக்குட்டிதான் அவளைத் தொழிலுக்குள் கொண்டுவந்தார். சமையல்கட்டில் விட்டுப் பார்த்தார். தாளிப்புப் புகையும் அண்டா உருளுகிற சத்தமும் சேர்ந்து அவளுக்குத் தலைவலியில் வாந்தி வந்தது. பரிமாற விட்டார், ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கூப்பிட்டால் திகைத்து நின்றுவிட்டாள். ஆர்டர் பேச இலஞ்சிக்கு அழைத்துப் போனார்; அந்த வீட்டுக்காரர் குரலை உயர்த்தியதும் இவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பி வந்து கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் அய்யாக்குட்டி சொன்னார்.

“நம்ம வீட்டு ஆளு ஒருத்தரு வாடிக்கக்காரன் முன்னால அழுதது இதுதான் மொதத் தடவ. சங்கரபாண்டி வீட்டு மறுவீடு முடியட்டும். அதோட நீ வீட்டுல இரி.”

“வீட்டுல இருந்து என்ன செய்ய, பெரியப்பா?”

“இரின்னா இரி. ஒனக்கு இந்தத் தொழிலு ஆகாது.”

சென்னையில் தோற்றது ஊருக்குத் தெரியாது. இங்கே தோற்றால் தென்காசி முழுக்கத் தெரியும். ஆனால் உலகம்மையை அரித்தது அதுவல்ல. இந்தத் தொழில் அவளுக்குப் பிடித்திருந்தது. பந்தி நன்றாக நடக்கும்போது ஓர் ஓசை உண்டு. பேச்சு அடங்கி, அப்பளம் நொறுங்கி, ஒருவர் ரசத்தை உறிஞ்ச இன்னொருவர் தொண்டையைச் செரும, வரிசை முழுக்க ஒரே ஆளாக மூச்சு விடுவது போன்ற ஓசை. அதைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் இளகும். அந்த ஓசை வருகிறதா, எங்கே அறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

மறுவீட்டு நாள் காலையிலிருந்தே சாரல். மண்டபத்துத் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் அலறியது. உலகம்மையை இலையும் அப்பளமும் எடுத்துக் கொடுக்க ஸ்டோர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

“யக்கா, நீங்க இங்கனயே இருங்க” என்றான் சுடலைமுத்து, அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டே. “அப்பளம் ஒடையுத சத்தத்துக்கு அழுதுராதிய.”

“அப்பளம் ஒடைஞ்சா நின்னுரும்லே. ஒன் வாய்தான் நிக்க மாட்டேங்கு.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகும் அது உள்ளே முள்ளாகக் கிடந்தது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான். குத்தினால் உடனே வெளியே வராது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது உலகம்மை தூண் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். முத்துவடிவு சந்தனமும் கல்கண்டும் வைத்த தாம்பாளத்தை நீட்டினாள். முதலில் வந்தவர் அருமைநாயகம். முறுக்கு மீசை, தோளில் அகலமான துண்டு. அவர் சந்தனத்தைத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். முத்துவடிவின் முகம் விழுந்துவிட்டது. ஏனென்றால் காலையில் முகூர்த்தத்தின்போது இவருக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மாலை போட்டுவிட்டார்கள். பெரியவர் அதை மனதில் வைத்திருக்கிறார் என்று பெண் வீட்டில் ஏற்கெனவே பேச்சு.

உலகம்மை பார்த்தது வேறு. அவருடைய வலது கை இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. பிறகு துண்டைச் சரிசெய்யப் போவது போலத் திரும்பிப் போய் அதற்குள் ஒளிந்துகொண்டது. அப்போது அவளுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. மேசைமேல் இலை விரித்து, காய்கறி வைத்து, அப்பளம் வைத்து, சோறும் போட்டாயிற்று. சுடலைமுத்து சொதி வாளியோடு வந்தான். இந்தப் பக்கத்து மறுவீட்டில் சொதிதான் ராஜா. தேங்காய்ப்பாலில் பருப்பும் காயும் வெந்து, இஞ்சிச் சாறு சேர்த்து இறக்கியது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அருமைநாயகம் இடது கையை உயர்த்தினார்.

“இருக்கட்டும்.”

“கொஞ்சம் விடட்டுமா, அண்ணாச்சி?”

“பொறவு பாப்போம்.”

சம்பந்தி வீட்டு மூத்தவர் மறுவீட்டில் கை நனைப்பது வெறும் சாப்பாடு அல்ல. அவர் சோற்றில் கை வைத்தால்தான் இரண்டு வீடும் ஒன்றானதாகப் பொருள். அவர் கை வைக்காமல் அவர் வீட்டார் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். ஆக, வரிசை முழுக்க எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோற்றிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

சங்கரபாண்டி அய்யாக்குட்டியின் காதருகே வந்தார். “அண்ணாச்சி, மனுசன் வேணும்னே செய்யுதாரு. நேராப் போயிக் கேட்டுருதேன். நானும் துப்பாக்கி பிடிச்சவன்தான்.”

“கேட்டா எந்திச்சிருவாரு.”

“அப்பம் கால்ல விழச் சொல்லுதியளா?”

அய்யாக்குட்டி வரிசையைத் தலையிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தார். அவருடைய பந்தியில் ஒருவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போகப் போகிறார். அவர் அப்பா பெயருக்கு வருகிற முதல் இழுக்கு. முதுகு இன்னும் நிமிர்ந்தது, முகம்தான் வெளுத்தது.

ஸ்டோர் அறையில் உலகம்மைக்குப் பந்தியின் அந்த ஓசை கேட்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்துக்கு அடியில் ஓர் ஓட்டை விழுந்தாற்போல இருந்தது. கதவுக்கு வந்து பார்த்தாள்.

கோபக்காரன் ஒருமுறையாவது எதிராளியின் முகத்தைப் பார்ப்பான், குத்து சரியாக விழுந்ததா என்று. அருமைநாயகம் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். எபனேசர் எப்போது அந்தப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தார். மடியில் கிடந்த துண்டு, உள்ளே சிட்டுக்குருவி ஒன்றை மூடி வைத்ததுபோல் அசைந்தது. சந்தனத்தை நோக்கி எழுந்து திரும்பிய கை உலகம்மைக்கு நினைவு வந்தது. மேசைக்கு அடியில் துப்பட்டாவில் சுற்றிய தன் கையும் நினைவு வந்தது.

கோபமில்லை. வெட்கம். சபையில் சோற்றைச் சிந்திவிடுவோமோ என்ற வெட்கம்.

அவள் பின்வாசலுக்கு ஓடினாள். மசூது தன் வண்டியோரம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“மசூதண்ணே, பாயாசக் கிண்ணம் இருக்கா?”

“இருக்கும்மா. நாளைக்கிக் குற்றாலத்துல ஒரு லாட்ஜுல பார்ட்டி, அதுக்கு ஏத்துனது.”

“கரண்டியும் வேணும். மொத வரிச முழுசுக்கும்.”

மசூது பீடியைக் கீழே போட்டார். “அண்ணாச்சி பந்தியில கரண்டியா? அந்தக் கரண்டியாலயே என்னய வகுந்துருவாரும்மா.”

“வகுந்தா என்னயத்தான் வகுருவாரு. எடுங்கண்ணே.”

பிறகு அவள் காலையிலிருந்து அண்டாமல் விலகி நடந்த ஸ்பீக்கருக்கு நேராகப் போனாள். பக்கத்தில் போகப் போக நெஞ்சுக்குள் அது இடித்தது. சுவிட்சை அணைத்தாள். சத்தம் அவளுக்குக் கையை நடுங்க வைக்கும். அருமைநாயகத்துக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். மண்டபத்தில் சாரல் மட்டும் மிஞ்சியது.

“சுடலைமுத்து, கிண்ணத்துல சோத்தக் கொழைய மசிச்சுப் போடு, மேல சொதி விடு. பாதிக்கு மேல ஊத்தாத. அந்தக் கடைசியில இருந்து வச்சிக்கிட்டு வா.”

“யக்கா, ஒங்க பெரியப்பா…”

“பெரியப்பாவ நான் பாத்துக்கிடுதேன்.”

முதல் கிண்ணம் மேசையில் உட்கார்ந்த சத்தம் கேட்டு அய்யாக்குட்டி திரும்பினார். உதடு அசையாமல், “என்னட்டி இது?” என்றார்.

“பெரியப்பா, பொறவு ஏசுங்க. இப்பம் எங்கூட நில்லுங்க.”

சங்கரபாண்டியும் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, ஒங்க பந்தியில கரண்டியா? இது என்ன புதுப் பழக்கம்?”

வரிசை முழுக்க அய்யாக்குட்டியைப் பார்த்தது. காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் உலகம்மையின் கண்ணில் நீர் இல்லை என்பதைக் கண்டார். அதோடு, தம் வீட்டுப் பிள்ளையைச் சபையில் விட்டுக்கொடுப்பது அவருக்குத் தெரியாத காரியம்.

“எங்க வழக்கம்தான்” என்றார். “மறுவீட்டுச் சொதிக்குக் கிண்ணம் உண்டு.”

எபனேசர் விடவில்லை. “ஒங்க அப்பா காலத்துலயுமா, அண்ணாச்சி?”

“எங்க அப்பா பந்தியில நீரு உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும், வே.”

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக உலகம்மை அருமைநாயகத்தின் முன் கிண்ணத்தை மேசை விளிம்பை ஒட்டி வைத்தாள். தம்ளரைக் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். மடியை அவள் பார்க்கவே இல்லை.

“தொவையலத் தொட்டுக்கிடுங்க, அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள். சங்கரபாண்டிக்கும் அவருக்கும் நடுவில், யாரையோ தேடுவதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் அவள் முதுகைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு முழங்கையை மேசையில் அழுத்தி ஊன்றி, கரண்டியை இறுகப் பிடித்து, ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். வரிசை முழுக்கக் கைகள் இறங்கின. அப்பளம் நொறுங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்த ஓசை வந்துவிட்டது. உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் சொதி விடச் சொல்லும்மா” என்றார் அருமைநாயகம்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எபனேசருக்கு நாக்கு அரித்தால் சும்மா இருக்காது. “எல்லாஞ் சரி. கரண்டியில சாப்புட்டா கை எங்கன வே நனையும்? பெரியவரு கையே நனைக்கலன்னு நாளைக்கி சுரண்டையில சொல்லப் போறாங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முத்துவடிவுக்கு உயிர் போனது.

அருமைநாயகம் கரண்டியை வைத்தார். வயிறு நிறைந்த மனிதனுக்கு ஒரு துணிச்சல் வரும். வலது கையை எல்லாரும் பார்க்க நீட்டி, கிண்ணத்தில் மிச்சம் இருந்த சொதியில் விரல்களை விட்டார். கை ஆடியது. கிண்ணத்தில் கிடந்த கரண்டி அந்த ஆட்டத்துக்குக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. ஸ்பீக்கர் இல்லாத மண்டபத்தில் அது எல்லார் காதிலும் விழுந்தது.

“நனைஞ்சிட்டா, எபனேசரு? நல்லாப் பாத்துக்கிடும். ஒரு வருசமா இந்தக் கூத்துதான். சல்யூட் அடிச்ச கை.”

எபனேசர் தன் துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிட்டார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, மூதி” என்றார்.

சங்கரபாண்டி பக்கத்தில் வந்து குனிந்தார். “சம்மந்தி, நாங்க காலையில மால விசயத்துல ஒங்களுக்கு வருத்தம்னுல்லா…”

“எந்த மால வே?” என்றார் அருமைநாயகம். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

கடைசிப் பந்தி முடிந்ததும் அய்யாக்குட்டி ஸ்டோர் அறைக்கு வந்தார். உலகம்மை மடங்கிய கோணிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வருத்தத்தில் இல்லை, அன்று பூராவும் உள்ளே போனதெல்லாம் வெளியே வருவதற்கு அவளுக்கு வேறு வழி கிடையாது. அவர் கதவைச் சாத்திவிட்டு, அவள் முடிக்கும்வரை நின்றார்.

“எப்பிடிட்டி தெரிஞ்சுது?”

“கோவக்காரன்னா மூஞ்சியப் பாப்பான், பெரியப்பா. அவரு தம்ளரப் பாத்தாரு.”

“நானும் அங்கனதான நின்னேன்.”

“நீங்க ஒங்க பந்தியப் பாத்திய.”

மனிதர் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர், கேட்கவும் இல்லை. “நாளையில இருந்து பந்தி விசாரிப்பு ஒனக்கு” என்றார்.

வரிசையில் நடந்து, யாருக்கு என்ன வேண்டும், யார் மனது கோணியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பந்தி விசாரிப்பு. அந்த வேலையை அதுவரை அவர் தம் மகன்களுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

உலகம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மொதப் பந்தி முடியுதவரைக்கும் ஸ்பீக்கரு கூடாது. ரெண்டு பந்திக்கு நடுவுல நான் வண்டியில தனியா உக்காருவேன். யாரும் கூப்புடக் கூடாது.”

“வேற?”

“என்னய நாலு பேரு முன்னால ஏசக் கூடாது.”

“தனியா ஏசலாமா?”

“ஏசலாம்.”

“அப்பம் சரி” என்றார் அய்யாக்குட்டி. “கேளு: அடுத்த தடவ கிண்ணம் வைக்கணும்னா எனக்கு முன்னாலயே ஒரு கண்ணக் காட்டு. வழக்கத்தக் கண்டுபிடிக்க எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும்லா?”

இப்போது ஆர்டர் பேச வருகிறவர்கள், “அந்தப் பிள்ள வரும்லா?” என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொல்கிறார்கள். கடையநல்லூரில் மசூதின் தங்கை ஹைருன் பீவி வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரியாணி சமைத்தது வேறு ஆள். பந்தி விசாரிக்க மட்டும் உலகம்மையைக் கூப்பிட்டார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடக்கிறாள். யாராவது முகம் சுளித்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு சுருளும். சுருண்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த இலைக்குப் போய்விடுகிறாள். சில நாள் வண்டிக்குள் உட்கார்ந்து அழுவாள். அழுதுவிட்டு வந்து அடுத்த பந்தியை விசாரிப்பாள். சுடலைமுத்து வண்டிக் கதவருகே யாரையும் விடுவதில்லை. “அக்கா சார்ஜ் போட்டிருக்காவ” என்பான்.

அருமைநாயகம் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்து மருந்து சாப்பிடுகிறார். போகிற விசேஷத்துக்கெல்லாம் சட்டைப் பையில் கரண்டி ஒன்றைக் கொண்டுபோய், கேட்டவர்களுக்குக் காரணத்தை அவரே உரக்கச் சொல்கிறார். அதனால்தான் அது இங்கே எழுதப்பட்டது. இல்லாவிட்டால் ஒரு வீட்டு மூத்தவரின் விஷயத்தை இன்னொரு வீட்டார் வெளியே சொல்வது முறையல்ல.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அய்யாக்குட்டி பந்தியில் இலை பற்றாமல் போனதால்தான் கிண்ணம் வைத்தார்கள் என்று சுரண்டைப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. இலை பற்றாமல் போகவில்லை. நாலு கட்டு மிச்சம் இருந்தது.